படத்தொகுப்பு: இல்லை

கலியாண வீட்டில் சாப்பிடுகிறவர்களின் முகத்துக்கு நேரே கமராவைப் பிடிக்கக்கூடாது, சேர். சோற்றுக்காக வாயைத் திறந்து வைத்திருக்கும் மனிதன், எவ்வளவு பெரிய உத்தியோகத்தராக இருந்தாலும், பார்க்கச் சகிக்காது. பதினெட்டு வருடமாகத் திருகோணமலையில் கலியாணமும் சாமத்தியவீடும் செத்தவீடும் வெட்டி ஒட்டிக் கொடுத்தவன் நான். ஒருவரையும் அசிங்கமாகக் காட்டியதில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஆறுதலா யோசிச்சு எழுதுங்கோ, றொமேஷ்" என்று கடதாசியையும் பேனையையும் வைத்துவிட்டுப் போனீர்கள். பொலிசுக்குள் நல்ல மனிதர் நீங்கள், ஜெமீல் சேர். ஆனால் யோசிக்க என்ன இருக்கிறது? நடந்ததை வரிசைப்படுத்துவதுதானே என் தொழில்.

ஜக்சனும் நானும் பங்காளிகள். உட்துறைமுக வீதியில் ஒரு மாடிக் கடை, இரண்டு கமரா, ஒரு கொம்பியூட்டர். அவன் பிடிப்பான், நான் வெட்டுவேன். எங்களுக்குள் ஒரே ஒரு வழக்கு இருந்தது. அது பதினெட்டு வருடமும் தீரவில்லை.

அவனுக்கு வெட்டுப் பிடிக்காது. கமராவை முக்காலியில் நிறுத்திவிட்டுச் சும்மா விடவேண்டும், நடப்பது நடக்கட்டும், பார்க்கிறவன் தானே கண்டுபிடிக்கட்டும் என்பான். "வெட்டினாப் பொய் வந்திடும் மச்சான்" என்பான். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஒரு ஷொட் தனியே நின்றால் அதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது? ஒரு முகம் வெறும் முகம். பக்கத்தில் எதை ஒட்டுகிறோமோ அதுதான் அந்த முகத்துக்கு உணர்ச்சியைக் கொடுக்கிறது. கமரா பார்க்க மட்டும்தான் செய்யும். நினைப்பது எடிட்டர்.

உதாரணம் சொல்கிறேன். எங்கள் செத்தவீடுகள் இப்போது நேரலையாகப் போவது உங்களுக்குத் தெரியும். கனடாவில் ஒரு சகோதரி, பாரிசில் ஒரு மருமகன், எல்லோரும் போனில் இருந்து அழவேண்டும். ஒருமுறை வெளிநாட்டில் இருந்து வந்த மூத்த மகன் ஒருவன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனுக்குச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். பிறகு அனுப்பிய வீடியோவில் அவன் நிமிர்ந்த இரண்டு வினாடி முகத்தை எடுத்துப் பெட்டிக்குள் கிடந்த தகப்பனின் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். "பாவம், அழக்கூட ஏலாமல் நிக்குது பிள்ளை" என்று உலகம் முழுக்கச் சொன்னார்கள். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கொஞ்சினாள். அதே முகத்தை அடுத்த வருடம் அவனுடைய நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அங்கே அது வெட்கமாகிவிட்டது. ஜக்சனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான்.

பிறகு அந்தப் படம். கப்பல் வரும் வரைக்கும் துறைமுக வாசலில் காத்திருக்கும் கூலி ஆட்களைப் பற்றி இரண்டு வருடம் பிடித்தோம். முந்நூற்றுப் பன்னிரண்டு வெட்டுகள் போட்டுத் தைத்தேன். என் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான வேலை அது. ஜக்சன் எனக்குச் சொல்லாமல் அதில் இருந்து ஒரேயொரு ஷொட்டை உருவி எடுத்து, பதினொரு நிமிடம், ஆட்கள் குந்தியிருந்து கடலைப் பார்க்கிறார்கள், வேறொன்றும் இல்லை, அதைக் கொழும்பில் ஒரு விழாவுக்கு அனுப்பிவிட்டான். தெரிவானது. என்னையும் கூட்டிக்கொண்டு போனான். படம் முடிய எழுந்து நின்று கை தட்டினார்கள். திரையில் பெயர்கள் ஓடின. ஒளிப்பதிவு: ஜக்சன். படத்தொகுப்பு: இல்லை.

இல்லை என்று போட்டிருந்தான், சேர். பெயரைத் தவறவிட்டிருந்தால் மன்னித்திருப்பேன். வெளியே ஒரு பெண் வந்து நான் யார் என்று கேட்டாள். "இவர் எங்கட கலியாண எடிட்டர்" என்றான். தோளில் கை போட்டுக்கொண்டு, பாசமாகத்தான் சொன்னான். திருகோணமலை வரும் வரைக்கும் பஸ்ஸில் அவனுக்கு நான் ஒரு முகமும் காட்டவில்லை.

அதற்கு மூன்று மாதத்துக்குப் பிறகு இறக்கக்கண்டிக் கரையில் ஒரு மீன்வாடி, வலை வைக்கும் கொட்டில், எரிந்தது. இராகுலன் என்ற பெடியன், இருபத்திரண்டு வயது, வலைகளுக்குக் காவலாக உள்ளே படுத்திருந்தவன், கருகிப் போனான். மண்ணெண்ணெய்க் குக்கர் வெடித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஊருக்கு அது போதாது. ஒரு சாவுக்கு ஒரு காரணமும் ஒரு ஆளும் தேவை. அந்த ஊரில் கதை பாதி ஏற்கெனவே தயாராக இருந்தது. ஜக்சனின் மனைவி டிலக்ஷி அந்தக் கரையில் பிறந்தவள். அவளுடைய தகப்பனுக்கும் இராகுலனின் தகப்பனுக்கும் கரைவலை இழுக்கும் இடத்தைப் பற்றி நெடுநாள் கொழுவல். மீதிப் பாதியை நான் கொடுத்தேன்.

செத்தவீட்டை நாங்கள்தான் பிடித்தோம். வாடி எரிந்ததைப் பக்கத்து வாடிக்காரர் ஒருவர் போனில் எடுத்திருந்தார், அதையும் வீடியோவில் சேர்க்கச் சொல்லித் தந்தார்கள். என்னிடம் ஜக்சனின் முகம் இருந்தது. கோயில் பெருநாளில் மெழுகுதிரிப் பவனி போகும்போது நான் எடுத்தது. அவனுடைய மகள் அஞ்சலினா, ஆறு வயது, முதல்முறையாகத் திரி பிடித்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். முகத்தில் நெருப்பின் வெளிச்சம் ஆடுகிறது. வாயோரம் சின்னச் சிரிப்பு.

எரியும் வாடி நான்கு வினாடி. ஜக்சனின் முகம் மூன்று வினாடி. திரும்பவும் வாடி இரண்டு வினாடி. ஒன்பது வினாடி, இரண்டு வெட்டு. நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்தேன், சத்தம் வாடியின் சத்தம்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் ஒட்டியதில்லை. செத்து எட்டாம் நாளுக்கு முதல் நாள் பின்னேரம், வேறொரு நம்பரில் இருந்து இராகுலனின் மூத்த தமையனுக்கு அனுப்பினேன். ஒரு எழுத்தும் போடவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லை, கவனியுங்கள். இரண்டு உண்மையான படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அடுத்த நாள் விடியவே ஜக்சனைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டுச் செலவு வீடியோவுக்கு எரிந்த இடத்தைக் காலை வெளிச்சத்தில் எடுத்துத் தரக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். சந்தோஷமாக வந்தான். முக்காலியை நிறுத்தினான், கமராவை இன்னும் அதில் பூட்டவில்லை. "இதையெண்டாலும் வெட்டாமல் விடு மச்சான்" என்றான். நான் மற்றக் கமராவைக் கையில் எடுத்துப் பதிவுப் பொத்தானை அமத்தினேன். விடியப் படம் பிடிக்க வருவோம் என்று முதலே சொல்லி வைத்திருந்தேன், இராகுலனின் தமையன்மார் மூன்று பேரும் தோணிப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள்.

முதல் அடி துடுப்பால், முழங்காலின் பின்பக்கம். விழுந்தான். இரண்டாவது தோளில். எலும்பு முறியும் சத்தம் ஈரத் தடியை முறிப்பது போலத்தான் இருக்கும், பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னத் தமையன் வயிற்றில் உதைத்தான். நடுவான் ஒரு கையை மிதித்துப் பிடித்துக்கொண்டு விரல்களைக் கல்லால் தட்டினான், ஒவ்வொன்றாக. கமரா பிடிக்கிற கை. மூத்தவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி முகத்துக்கு முன்னால் போனை நீட்டினான்.

ஜக்சன் பார்த்தான். இரத்தம் கண்ணுக்குள் போயிருந்தது, இருந்தாலும் பார்த்தான்.

"இது எங்கட அஞ்சலினாவின்ர திரிப் பவனியடாப்பா" என்றான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "றொமேஷ், சொல்லன். நீதானே எடுத்தனி."

ஒரு சொல் போதும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருப்பார்கள். நான் போகஸ் சரிசெய்துகொண்டிருந்தேன். படம் எடுக்கிறவன் காட்சிக்குள் வாய் வைக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவன் அவன்தான்.

இதுவரைக்கும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அவன் பேசியதை மட்டும் அலைச் சத்தத்தால் மூடியிருந்தேன். அதற்குப் பிறகு கமரா சடாரென்று கடல் பக்கம் திரும்புகிறது, நங்கூரத்தில் நிற்கும் வள்ளங்கள் தெரிகின்றன, திரும்பவும் கரைக்கு வருகிறது, ஜக்சன் அசையாமல் கிடக்கிறான். "மனம் தாங்கேல்ல சேர், திருப்பிப்போட்டன்" என்று சொன்னேன். நீங்கள் என் முதுகைத் தடவி, பிளேன்டீ எடுப்பித்துத் தந்தீர்கள். அந்த வீடியோவை வைத்து மூன்று பேரையும் உள்ளே போட்டீர்கள். ஊர் என்னை நேர்மையான சாட்சி என்று தலையில் தூக்கி வைத்தது.

டிலக்ஷியை நான்தான் என் மோட்டார் சைக்கிளில் இங்கே கூட்டிவந்தேன். அடித்தவர்களை அடையாளம் காட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தீர்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, கண்ணை எடுக்காமல், அழாமல், முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னாள். கடல் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இது எத்தனை மணிக்கு எடுத்தது?" என்று என்னைக் கேட்டாள்.

"விடிய ஏழு மணி இருக்கும்" என்றேன்.

"விடியக் கரைக்காத்தெல்லோ. வள்ளங்களின்ர அணியம் எல்லாம் கரையைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். இதில எல்லாம் கடலைப் பாக்குது. இது பின்னேரக் கடல்காத்து." பிறகு உங்களைப் பார்த்துச் சொன்னாள்: "சேர், இது அண்டைக்கு எடுத்த கடல் இல்லை."

என் முகத்தில் ஈயாடவில்லை என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாற்பத்தொரு வருடம் இருந்திருக்கிறேன், வள்ளத்தின் முன்பக்கம் காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. வெளிச்சத்தைப் பொருத்தினேன், நிறத்தைப் பொருத்தினேன், அலைச் சத்தத்தைக்கூடப் பொருத்தினேன். காற்றை யார் பார்ப்பான்? வேறு ஒரு பின்னேரத்தில் எடுத்து வைத்திருந்த ஷொட் அது. வெட்டை மறைக்கக் கமராவைச் சடாரென்று திருப்புவது போல இரண்டு பக்கமும் மங்கலாக்கி ஒட்டினேன். கலியாணவீட்டு எடிட்டிங் என்று ஜக்சன் சிரித்திருப்பான்.

நான் பிடித்தது பதினொரு நிமிடம். உங்களுக்குத் தந்தது ஏழு.

மீதி நான்கு நிமிடத்தில் இருப்பதைச் சொல்கிறேன். ஜக்சன் மகளின் பெயரைச் சொன்னதும் மூத்தவனின் கை தளர்ந்துவிட்டது. போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். "கோயில் சுருவம் மாதிரி என்னவோ பின்னால தெரியுதடா" என்று பவனியில் வந்த புனிதரின் சிலையைத் தம்பிக்குக் காட்டினான். மூன்று பேருக்கும் பயம் பிடித்துவிட்டது. துடுப்பைப் போட்டுவிட்டு றோட்டுப் பக்கம் ஓடினார்கள். அவர்கள் போகும்போது ஜக்சன் உயிரோடு இருந்தான், சேர். முழங்கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தான். அவர்களை நீங்கள் விட்டுவிடலாம். அடித்த குற்றத்துக்கு வேண்டுமானால் வைத்திருங்கள்.

கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளமொன்றின் மேல் நான் கமராவை வைத்தேன். அதனால்தான் அந்த இடத்தில் இருந்து படம் ஆடாமல் இருக்கும். அவனுக்குக் கிட்டப் போனேன். அவன் வாயில் இருந்த பல்லைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"நல்லா வெட்டியிருக்கிறாய்."

பதினெட்டு வருடத்தில் அவன் என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதற்கு மேல் அவனைப் பேசவிட்டால் அந்த வார்த்தை கெட்டுவிடும். ஆஸ்பத்திரி, பொலிஸ், வழக்கு என்று இழுபட்டு வேறொரு கதையாகிவிடும். ஒரு காட்சியை எங்கே முடிக்கவேண்டும் என்று தெரிந்தவன்தான் எடிட்டர். அவனுடைய முக்காலியை மடித்து எடுத்தேன். கனமான சாமான், நல்ல அலுமினியம். முதல் அடிக்குக் கையைத் தூக்கித் தடுத்தான், அந்தக் கையில் விரல்கள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது காதுக்கு மேல் விழுந்தது. மூன்றாவதோடு மண்டை இறங்கிக் கொடுத்தது கையில் தெரிந்தது. மொத்தம் ஆறு. பிறகு கடல் தண்ணீரில் முக்காலியைக் கழுவி மடித்துப் பையில் வைத்தேன். அதற்குப் பிறகு அதை இரண்டு கலியாணங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

முழுப் பதினொரு நிமிடமும் என் வீட்டுக் குசினி அலுமாரியில், மாப் பேணிக்குப் பின்னால், கறுப்பு டிஸ்க்கில் இருக்கிறது. எடிட்டர் எதையும் அழிப்பதில்லை. ஜக்சன் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு வெட்டும் இல்லாத படம். நீதிமன்றத்தில் போடும்போது அப்படியே போடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும். கடைசி அடிக்கு முன்னர் ஜக்சனின் முகம் கமராவுக்கு நேரே திரும்புகிறது. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் முகம். போன கிழமை வீட்டில் இருந்து அதற்குப் பக்கத்தில் என் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். அவன் என்னை மன்னிப்பது வடிவாகத் தெரிகிறது, சேர். நம்பாவிட்டால் வந்து பாருங்கள். பதினேழு தடவை வெட்டி ஒட்டித்தான் அதைச் சரியாகக் கொண்டுவந்தேன்.