கூட்டல் குறியின் ஒரு கோடு

அக்கா, இங்கே மத்தியான இடைவேளை நாற்பத்தைந்து நிமிடம். சாப்பிட எனக்குப் பத்து நிமிடம் போதும். கோழி கொத்துகிற மாதிரி விழுங்குகிறேன் என்று நீயே திட்டுவாய். மிச்சம் முப்பத்தைந்து நிமிடமும் இரண்டு வருடமாக உன் மகளுக்குத்தான் கொடுத்தேன். இதை வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எதையும் திருத்தாமல் அனுப்புகிறேன்.

வண்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நினைவிருக்கும். கணக்குப் போடும்போது மூக்காலே ரீங்காரம் போடுவாள். விடை வந்ததும் சத்தம் நிற்கும். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களுக்கு நடுவே, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு நாலாவது மேசை. விரிப்பு மடிக்க வேண்டும். மேற்பார்வையாளர் என்னை ‘நாலு’ என்றுதான் கூப்பிடுவார். கணக்குப் பட்டம் வாங்கியவள் அதற்கெல்லாம் வருத்தப்படக் கூடாது.

நோட்டு அவள் டேப்லெட்டில் இருந்தது, என் போனிலும் திறக்கும். நாளுக்கு ஒரு பக்கம். உங்கள் ஊர் சாயங்காலத்தில் அவள் எழுதுவது எனக்கு இங்கே மத்தியானத்தில் எழுத்தெழுத்தாக வரும். அவளுக்கு நீல மை, எனக்குச் சிவப்பு. யார் வேண்டுமானாலும் எந்த மையையும் எடுக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. காகித நோட்டு மாதிரி, மூடிவிட்டால் மூடியதுதான் என்று நினைத்திருந்தாள்.

போன வருடம் அரையாண்டுத் தேர்வில் அவள் நூற்றுக்கு நூறு எடுத்தாள். அத்தான்கூடப் போனை வாங்கி, “சித்தி கணக்குல புலி, சமையல்ல எலி. நல்லவேளை, பொண்ணு புலியப் பாத்துக் கத்துக்கிட்டா” என்று சிரித்தார். அவர் போனதும் வண்டு சொன்னாள்:

“சித்தி, இனிமே நானே போட்டுக்கறேன். நீ நிம்மதியா உக்காந்து சாப்பிடு. ஞாயித்துக்கிழமை பேசலாம்.”

“ஓஹோ, மேடத்துக்கு சித்தி வேண்டாமா?”

“போ சித்தி. உன்னப் பாத்தாப் பாவமா இருக்குன்னு சொன்னேன்.”

பாசத்தில் சொன்னாள். அது எனக்குப் புரிந்தது. மறுநாள் இடைவேளையில் நாற்பத்தைந்து நிமிடமும் சாப்பிட்டேன்.

அதற்கு மறுநாள் அவள் பக்கத்தைத் திறந்தேன். ஆறு கணக்கு, ஆறும் சரி. நாலாவதில் ஒரு கூட்டல் குறி இருந்தது. அதன் நிமிர்ந்த கோட்டை மட்டும் அழித்தேன். ஒரு கோடுதான், அக்கா. கழித்தல் குறி ஆகிவிட்டது. விடையையும் அதற்கேற்ப நீல மையில் மாற்றினேன். அவள் எழுத்தைப் போல எழுதுவது எனக்குச் சிரமமில்லை. நடுவில் குறுக்குக் கோடு போட்ட அந்த ஏழு நான் கற்றுக்கொடுத்த ஏழு.

பிறகு கூப்பிட்டு, “நாலாவதப் பாத்தியா?” என்றேன்.

“நான் ப்ளஸ்தானே போட்டேன்...”

“அவசரம். பரவால்ல, நாளைக்குச் சேந்து போடலாம்.”

வந்தாள். தினமும் வந்தாள்.

நான் அளவாகத்தான் செய்தேன். வாரத்துக்கு இரண்டு, மூன்று. எல்லாவற்றையும் தப்பாக்கினால் பிள்ளைக்குக் கணக்கே பிடிக்காமல் போய்விடும் அல்லவா.

ஒரு நாள் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. “சித்தி, நேத்து மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சேன். போட்டோல ப்ளஸ் இருக்கு. நோட்டுல மைனஸ் இருக்கு.”

இடைவேளை முடிந்து, என் கையில் பாதி மடித்த விரிப்பு இருந்தது. மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

“போட்டோ எடுத்தப்புறம் நீயே மாத்தியிருப்படா. யோசிச்சுப் பாரு.”

யோசித்தாள். “ஆமா சித்தி. மாத்தியிருப்பேன்,” என்றாள்.

“இதப் போய் அம்மாகிட்ட காட்டி அவளப் பயமுறுத்தாத. அழிச்சுடு.”

அழித்துவிட்டாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. ரீங்காரம் அன்றோடு நின்றது என்று நினைக்கிறேன். இயந்திரச் சத்தத்தில் சரியாகச் சொல்லமுடியவில்லை.

நுழைவுத் தேர்வில் எழுதி அழித்து, எழுதி அழித்துத் தாளையே கிழித்துக்கொண்டு எழுந்து வந்தாள் என்று நீ சொன்னபோது நான் அழுதேன். நடிப்பில்லை. “மூளைல ஏதாவது இருக்குமோடி?” என்று கேட்டாய். ஸ்கேன் எடுத்தீர்கள், ஒன்றும் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். நான், “நேரத்துக்குக் குடுக்கா, தூங்கினா சரியாயிடும்” என்றேன். தூங்கினாள். பள்ளிக்கூடத்தில்கூட.

இப்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “அம்மா, நான் சாப்பிட்டேனா?” என்று கேட்கிறாளாம்.

இது எப்போது தொடங்கியது என்று பார்க்க, டாக்டர் பழைய நோட்டைக் கேட்கிறார் என்று நேற்றுச் சொன்னாய். நோட்டைத் தொடங்கியவள் நான் என்பதால் என்னை அவருக்குத் திறந்துவிடச் சொன்னாய். திறந்துவிட்டேன். வண்டுக்கு இது தெரியாது: எந்த வரியின்மேல் விரலை வைத்து அழுத்தினாலும் யார் எழுதியது, எத்தனை மணிக்கு என்று அது காட்டும். நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் என் பெயர் வரும். முழு நோட்டையும் ஒரே தட்டில் அழிக்க எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. அதையாவது நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதை வண்டுக்குப் படித்துக் காட்டு. ஆனால் அவள் நம்பமாட்டாள். சித்தி அப்படிச் செய்யமாட்டாள், நான்தான் எழுதிவிட்டு மறந்திருப்பேன் என்பாள். அவளை எனக்குத் தெரியும். அந்தப் பதிலை நான்தான் பழக்கினேன். நூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாலும் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ சொன்னா சரிம்மா” என்பாள்.

அதனால் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன்: அவள் பார்க்கப் பார்க்க அந்தக் கோட்டை அழித்துக் காட்டுவது. நான் முதன்முதலில் கைவைத்த அன்றைக்கு அவள் போட்ட அதே ஆறு கணக்குகளைப் புதுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு அவளை வந்து உட்காரச் சொல். அவள் போட்டு முடிக்கும்வரை நான் தொடமாட்டேன்.