ஈஸ்வரி வீட்டுக் குழாய்

பொழுது சாய்ந்து, கம்பெனி பஸ்களெல்லாம் போய்விட்ட நேரம். எளாவூருக்குக் கொஞ்சம் முன்னால் லாரி ரோட்டை விட்டுக் கிழக்கே ஒரு மண்பாதை பிரிகிறது. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு... ஆள் நடமாட்டம் கிடையாது. அந்தப் பாதையில் லோகு தனியாக பைக்கில் போய்க்கொண்டிருந்தான். டேங்க் மேல் ஒரு கோணிப்பை. அதற்குள் சுத்தியும் உளியும். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கிளிங்... கிளிங்... என்று முட்டிக்கொண்டன. சவுக்கு மரம் சும்மாவே இரையும், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. லோகுவின் வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"பாப்பாக்கு ஒண்ணும் ஆவக் கூடாது... ஒண்ணும் ஆவக் கூடாது..."

யார் இந்த லோகு என்கிறீர்களா? நம் பேக்கிங் செக்‌ஷன் மெர்சி இருக்கிறாளே, அவள் தங்கையைக் கட்டியவன். கட்டுக்கதை இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் மெர்சியையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பகலில் கேளுங்கள். இப்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிட்டே வாருங்கள், கரண்ட் வருகிறபோது வரட்டும்.

லோகு சிவில் டிப்ளமா படித்தவன். ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேறொரு வேலை உண்டு. பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே போய் வீட்டைப் பார்த்துச் சொல்லுவான். சாவிக்கொத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே காதை வைத்துக் கேட்பான். தரையில் கோலிக்குண்டை உருட்டி விடுவான். மொட்டை மாடியில் தண்ணீரைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவான், திரும்பி வந்து கீழே எங்கே கசிகிறது என்று பார்ப்பான். "லோகு ஓகே சொன்னா கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்று சிப்காட் முழுக்கப் பேர். அந்தப் பேரில்தான் அவன் உயிரே இருந்தது.

அவனிடம் ராபின் வந்தான். இரும்பு உருக்கும் கம்பெனியில் ஃபர்னஸ் வேலை. அவனைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடு மாறி மாறி சட்டி பானை தூக்கியே ராபினுக்கும் அவன் மனைவி சுகிர்தாவுக்கும் அலுத்துவிட்டது. நான்கு வயதில் ஏஞ்சல் என்று ஒரு பெண் குழந்தை. அந்தப் பிள்ளை சுவரில் கிறுக்கினால் யாரும் திட்டாத ஒரு வீடு வேண்டும் என்பாள் சுகிர்தா. பாவம், பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அப்படித்தான் தோப்புக்கு அந்தப்பக்கம் இருந்த அந்த வீட்டுக்குப் போனார்கள். விற்கிறவள் ஈஸ்வரி. புருஷன் இறந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. முழங்கால் போய்விட்டது, பொதட்டூர்பேட்டையில் அண்ணன் வீட்டோடு போய் இருக்கப் போகிறேன் என்றாள். லோகு எல்லாவற்றையும் தட்டினான், உருட்டினான், ஊற்றினான். நல்ல வீடு. பின் அறை மூலையில் மட்டும் ஒரு இரும்புக் குழாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. லோகு ஒரு சின்னக் கல்லை எடுத்து உள்ளே போட்டான். காதை வைத்தான்... கல் விழுந்த சத்தமே வரவில்லை.

செத்துப்போன போர்வெல் குழாய் என்று முடிவு கட்டிவிட்டான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தப் பக்கம் போட்ட போரில் எது உருப்பட்டது? பாதி உப்பு, பாதி வறட்சி. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு குழாய் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

ராபினும் சுகிர்தாவும் அப்போது மொட்டை மாடியில் இருந்தார்கள். ஈஸ்வரி லோகுவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நைனா... இத்த மட்டும் மூடிடாதீங்க."

"ஏம்மா? உள்ள புதையல் எதனா கீதா?" என்று கேட்டு லோகு சிரித்தான்.

அவள் முந்தானையால் குழாயின் வாயைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். மாடியிலிருந்து இறங்கிய ராபினிடம் லோகு இதை ஒரு பேச்சாகக்கூடச் சொல்லவில்லை.

வீடு கைமாறியது. பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார், பிரியாணி போட்டார்கள், லோகுவுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். கட்டில் போட அந்தக் குழாய் இடைஞ்சலாக இருந்தது. லோகுவே வந்து தரையோடு அறுத்து, வாயில் சிமெண்ட்டை அடைத்து, வழவழவென்று பூசிக் கொடுத்தான். கூலிகூட வாங்கவில்லை.

அப்புறம்தான் ஆரம்பித்தது.

கத்திரி வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, அந்த அறைத் தரை மட்டும் வேர்த்தது. துடைத்தால் திரும்ப வேர்க்கும். சேற்று வாடை... கூடவே பீடி வாடை. ராபின் பீடியைத் தொட்டதே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தரைக்குக் கீழே ஒரு சத்தம். ம்ஹ்... ம்ஹ்... என்று. யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு திணறுகிற மாதிரி. ஒரு மழை பெய்தது. மறுநாள் காலையில் தரையில் விரிசல். லோகுவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். லோகு கட்டிலை நகர்த்திக் குனிந்து பார்த்தான். விரிசல் கோணல்மாணலாக ஓடவில்லை. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் வட்டமாக ஓடியிருந்தது. வட்டத்துக்கு நடுவில் அவன் பூசிய சிமெண்ட்.

கிணறு!

கிணற்றைத் தூர்த்து அதன்மேல் அறை கட்டியிருக்கிறார்கள். கிணற்றைத் தூர்த்தால் அது மூச்சு விட ஒரு குழாய் விட வேண்டும், அடைத்தால் குடும்பத்துக்கு ஆகாது... இது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே? லோகுவுக்கும் தெரியும். எத்தனையோ மனைகளில் அவனே நின்று வைத்த குழாய்கள்தான். இங்கே மட்டும் கண்ணில் போர் என்று பட்டுவிட்டது, அவ்வளவுதான். விதி கண்ணை மறைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ராபின் கொதித்துப் போனான். ஈஸ்வரியையும் அவள் அண்ணனையும் வரவழைத்தான். வாசலில் தெருவே கூடிவிட்டது.

"கெணத்த மறைச்சி என் தலையில கட்டிட்டியேம்மா! ஊட்ட நீயே திருப்பி எடுத்துக்கோ."

"நான் மறைக்கல சாமி. பாக்க வந்தாரே, அவராண்ட சொன்னன். இத்த மூடிடாதீங்கன்னு சொன்னன்" என்றாள் ஈஸ்வரி.

எல்லோரும் லோகுவைப் பார்த்தார்கள். சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் தெருவில் பாதிப்பேர் அவனை நம்பி வீடு வாங்கியவர்கள். அந்த முகங்களைப் பார்த்தான்... பேர் போய்விடுமே என்று பயம் வந்துவிட்டது.

"எங்கிட்ட எதுவும் சொல்லல" என்றான்.

"நைனா... நீ சிரிச்சியே" என்றாள் ஈஸ்வரி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அவள் அண்ணன் கத்த, ராபின் பதிலுக்குக் கத்த, ஒரே ரகளை. கடைசியில் ராபின் உள்ளே போய் ஏஞ்சலைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, நீ இவ தல மேல கை வெச்சி சொல்லு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

"வேணாங்க! புள்ள மேல வேணாம்!" என்று சுகிர்தா ஓடி வந்தாள். அதற்குள் லோகுவின் கை போய்விட்டது. அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தது குழந்தை. ஈர முடி. லோகுவைப் பார்த்துச் சிரித்தது.

"இந்தம்மா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. சத்தியமா."

அடப்பாவி என்கிறீர்களா? சொல்லுங்கள். அவனும் அப்புறம் அதைத்தான் சொல்லிச் சொல்லித் தன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஈஸ்வரி அதற்கு மேல் வாதாடவில்லை. ஓவென்று அழுதாள். "ஐயோ, பச்ச புள்ள மேலயா... என் பேரு கெட்டா கெடட்டும். அத்த மட்டும் தொறந்து வுட்ருங்க. எங்கூட்டுக்காரர் தூர் வார எறங்கினார். உள்ள கெட்ட காத்து. கயிறு என் கையில இருந்திச்சி... ஆட்டி ஆட்டி காட்டினார். இழுத்தன், இழுத்தன், என் கைக்கு வலு பத்தல. அப்பறம் ஆளுங்க வந்து தூக்கினாங்க, எரிச்சாங்க. ஆனா அந்த மூச்சு மேல வரவேயில்ல சாமி. இங்கயே நின்னுபோச்சி. அதுக்குத்தான் பைப்பு வுட்டன்."

"கத வுடாத" என்று ராபின் கேட்டைச் சாத்திவிட்டான்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம். விளையாடிக்கொண்டிருந்த ஏஞ்சல் நின்றாள். வாயைத் திறந்தாள்... ம்ஹ்... ம்ஹ்... உதடு நீலம் பூத்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கும்மிடிப்பூண்டியில் பார்த்துவிட்டு மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அங்கே எடுக்காத படம் இல்லை. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, தொண்டையில் ஒன்றுமில்லை, ஏன் காற்று உள்ளே போகவில்லை என்று புரியவில்லை என்றார்கள். மாஸ்க்கை மாட்டியும் குழந்தை திணறியது. மறுநாள் சாயங்காலம் இன்னும் மோசம்.

சுகிர்தா லோகுவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே... டாக்டருங்க கைய விரிக்கிறாங்க. நீ எதனா மாத்தி சொல்லியிருந்தா சொல்லிடுண்ணே. நான் உன்ன ஒரு வார்த்த திட்ட மாட்டன். ஊட்டு சாவி மீட்டர் பொட்டி மேல கீது."

லோகு போனை வைத்துவிட்டுக் கோணிப்பையை எடுத்தான்.

அப்படித்தான் அந்தச் சவுக்குத் தோப்புப் பாதையில் வந்தான்.

கதவைத் திறந்ததும் சேற்று வாடை குப்பென்று அடித்தது. பின் அறையில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர். கட்டிலைத் தள்ளினான். மண்டியிட்டு, தண்ணீரை ஒட்டிக் காதை வைத்தான். ம்ஹ்... அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் மெல்லிசாக... ம்ஹ். அடங்கப் போகிற சத்தம். உளியை வைத்து அடிக்க ஆரம்பித்தான். பூசியது அவன்தானே, நல்ல கலவை. லேசில் பெயரவில்லை. கையெல்லாம் ரத்தம். அழுதுகொண்டே அடித்தான்.

"சொன்னாங்க! அந்தம்மா சொன்னாங்க! நான்தான் சிரிச்சன்... நான்தான்! புள்ளய வுட்ருங்க!"

சிமெண்ட் உடைந்தது. உடைந்த சில்லுகள் வெளியே தெறிக்கவில்லை. உள்ளே போய்விட்டன. கூடவே தேங்கிய தண்ணீரோடு அறையிலிருந்த காற்றும்... ஸ்ஸ்ஸ்... என்று உள்ளே போனது. திரைச்சீலை மூலைப்பக்கம் இழுபட்டு நின்றது. காலண்டர் தாள்கள் படபடத்தன. கதவு தானாக அறைந்து சாத்திக்கொண்டது. இழுத்தது... இழுத்துக்கொண்டே இருந்தது. லோகுவுக்கே நெஞ்சடைத்தது. அப்புறம் நின்றது.

அப்புறம், அவன் முகத்தின் மேல், மெதுவாக... சூடாக... பீடி வாடையோடு ஒரு மூச்சு வெளியே வந்தது.

போன் அடித்தது. சுகிர்தா. "அண்ணே! புள்ள கண்ண முழிச்சிட்டா! தண்ணி கேக்குறா!"

லோகு அவளிடமும் ராபினிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ராபின் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "ஊட்ட பூட்டிக்கினு போண்ணே" என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் இன்றுவரை அவனோடு பேசவில்லை. லோகு பொதட்டூர்பேட்டைக்குப் போய் ஈஸ்வரியின் காலில் விழுந்தான். "தொறந்துட்டியா? அது போதும் போ" என்றாளாம். இப்போது அவன் யார் வீட்டையும் பார்த்துச் சொல்வதில்லை.

பிள்ளை பிழைத்ததே, அப்புறம் என்ன என்று எழுந்துவிடாதீர்கள்.

ஏஞ்சல் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஒருநாள் காலையில் டீச்சர் போன் பண்ணினாள். "ஏஞ்சல் மூச்சு வுட முடியாம திணறுறாம்மா, சீக்கிரம் வாங்க!" சுகிர்தா போனைக் காதில் வைத்தபடியே பணத்தை எடுக்கப் பின் அறைக்கு ஓடினாள். கொடியில் காயப்போட்ட ஈரத் துண்டு நழுவித் தரையிலிருந்த குழாய் வாயின்மேல் விழுந்திருந்தது. சட்டென்று எடுத்தாள். போனில் டீச்சர் சொன்னாள், "இருங்க, இருங்க... சரியாயிட்டா. இப்ப நல்லா மூச்சு வுடுறா."

சுகிர்தா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீட்டை அவர்கள் விற்கவில்லை. மழைக்கு மழை அந்த வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் தள்ளிவிட்டு வா என்கிறார்கள். "வாங்குறவன் கிட்ட மூடாதன்னு சொல்லலாம். அவன் சிரிச்சிட்டான்னா?" என்று ராபின் கேட்கிறான்.

நம் வீடுகளில் நடுராத்திரி முழிப்பு வந்தால், தாயானவள் பிள்ளையின் மூக்குக்கிட்டே விரலை வைத்துப் பார்ப்பாள், இல்லையா? ஏஞ்சல் முன் அறையில் அப்பாவைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். சுகிர்தா எழுந்து அவளைத் தாண்டிப் பின் அறைக்குப் போகிறாள். விளக்குப் போடுவதில்லை. அந்த வட்டத்துக்குள் இறங்கி, குனிந்து, குழாயின் வாயை மூடாமல் சற்று எட்டவே உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள்... சூடு வருகிறதா என்று.