விடுபட்ட இரண்டு அழைப்புகள்

கடத்தூர் மேடையைக் கம்பீரமாய் அலங்கரிக்கும் தலைவர் அவர்களே! அரிச்சுவடி முதல் அல்ஜீப்ரா வரை எங்களோடு அல்லாடிய ஆசிரியப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! பாலக்கோட்டில் தக்காளியை இறக்கிவிட்டு இப்போதுதான் வந்து அமரும் உழவர் பெருமக்களே! மாலை வகுப்பில் கணக்கு நடத்தும் சந்திரமோகனின் வணக்கம்!

பல்லுறுப்புக் கோவைகளைப் பெருக்குவது பற்றிப் பேசப்போகிறேன். பின்வரிசையில் எழுந்திருக்காதீர்கள் ஐயா, டீ பேச்சுக்குப் பிறகுதான்!

இதோ முன்வரிசையில் இருக்கிறாரே ஆக்சிலியா, பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். பத்தாம் வகுப்புத் தேறினால் அமைப்பாளர் ஆகலாம். இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் கணக்கு காலை வாரிவிட்டது. மூன்றாவதுதான் கடைசி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

எக்ஸ் கூட்டல் மூன்றை எக்ஸ் கூட்டல் ஐந்தால் பெருக்கச் சொன்னால், எக்ஸ் வர்க்கம் கூட்டல் பதினைந்து என்றே எழுதுவார். முன்னதை முன்னதோடு, பின்னதைப் பின்னதோடு! பங்கீட்டுப் பண்பைப் பத்து முறை சொன்னேன். பதினோராம் முறை, அத்தனை பேர் எதிரே, "உனக்கெல்லாம் கணக்கு வராதும்மா" என்று கத்திவிட்டேன்.

அந்த ஞாயிறு, கொழுந்தனார் கல்யாணத்துக்கு அழைக்க, ஆக்சிலியாவும் கணவர் அல்போன்சும் ஊர்க்காரர் முனியப்பன் வீட்டுக்குப் போனார்கள். அல்போன்ஸ் முனியப்பனை அழைத்தார். ஆக்சிலியா அவர் மனைவி தீர்த்தம்மாளை அழைத்தார். புறப்பட்டார்கள். தீர்த்தம்மாள் விடுவாரா?

"ஏம்மா, உன் வூட்டுக்காரர் என்னைக் கூப்பிடலையே! நீ எங்க வூட்டுக்காரரைக் கூப்பிடலையே! ரெண்டு பேரும் ரெண்டு பேரையும் கூப்பிட்டாத்தானே முறை?"

நம் பக்கத்து முறை அதுதானே? ஒரு அழைப்பு விட்டுப்போனாலும் ஒரு குடும்பமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதா? மறுபடி அழைத்தார்கள். மொத்தம் நான்கு அழைப்பு. ஆக்சிலியாவுக்குப் பொறி தட்டியது.

மறுநாள் அவரே கரும்பலகைக்கு வந்தார். "சார், ரெண்டு பேரைக் கூப்பிடாம உட்டுட்டேன் சார்!"

எழுதினார். எக்ஸ் போய் எக்ஸை அழைத்தது, எக்ஸ் வர்க்கம். எக்ஸ் போய் ஐந்தை அழைத்தது, ஐந்து எக்ஸ். மூன்று போய் எக்ஸை அழைத்தது, மூன்று எக்ஸ். மூன்று போய் ஐந்தை அழைத்தது, பதினைந்து. கூட்டினார்: எக்ஸ் வர்க்கம் கூட்டல் எட்டு எக்ஸ் கூட்டல் பதினைந்து! தட்டுங்கள், தாராளமாய்த் தட்டுங்கள்!

"ஒரு அடைப்புக்குறிக்குள்ள மூணு உறுப்பு இருந்தா என்ன பண்ணுவீங்கம்மா?" என்றேன்.

"அந்த வூட்ல இன்னொருத்தர் இருக்காங்க, அவங்களையும் ரெண்டு பேரும் கூப்பிட வேண்டியதுதானே சார்!"

எந்தப் புத்தகம் இதைச் சொன்னது? எந்தப் பயிற்சியில் எனக்கு இதைக் கற்பித்தார்கள்? வியந்தேன், வெட்கினேன்.

தேர்வில் கணக்கில் அறுபத்தெட்டு! அமைப்பாளர் ஆணை நேற்று கைக்கு வந்துவிட்டது.

வராது என்று பலர் எதிரே சொன்னவன் நான். பலர் எதிரேயே இன்று சொல்கிறேன்: தப்பு என்னுடையது, ஆக்சிலியா அம்மா, மன்னித்துவிடுங்கள். காதுகொடுத்த கடத்தூருக்கு நன்றி. எனக்குப் பெருக்கல் கற்றுக்கொடுத்த என் ஆசிரியைக்கு வணக்கம்!