மலைக்கதை கேட்டவர்

பக்கத்தில் வந்து உட்கார் தாயி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தக் கட்டிலிலேயே உட்காரலாம். விரிப்பை நேற்றுத்தான் மாற்றினேன். ஒரு கதை சொல்கிறேன். பனிமலைக் கதை. சங்கரன்கோவில் வெயிலில் இருந்து கேட்டாலும் விரல் விறைத்துப்போகும். நீ போலீஸ்காரி, எழுதிக்கொள்ள வேண்டும் என்றால் எழுதிக்கொள். குறுக்கே மட்டும் பேசாதே. அது ஒன்றுதான் எனக்கு ஆகாது.

எங்கள் வீட்டுக்காரர் ஆறுமுகச்சாமியை இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பின்கட்டில் நான்கு பவர்லூம் ஓட்டினார். பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள் இறங்கி, கடைசியில் மூக்கில் குழாயும் தலைமாட்டில் ஆக்சிஜன் மிஷினும் என்று ஆகிவிட்டது. கெட்ட மனுஷன் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. என்னோடு பேசியதில்லை, அவ்வளவுதான்.

தறி ஓடுகிற வீட்டில் யாரும் பேச முடியாது. எல்லாம் சைகைதான். சாப்பிட வா என்பதற்கு ஒன்று, ஆள் வந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒன்று. இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து என்பதற்கு இரண்டு விரலைக் கத்தரிபோல வெட்டிக் காட்டுவோம். அதைப் பார்த்தால் கையில் பிள்ளை இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். கரண்ட் போனால்தான் இந்தத் தெருவுக்கு வாய் முளைக்கும். சம்பந்தம் பேசுவது, சண்டை போடுவது, அழுவது எல்லாவற்றையும் அதற்காகச் சேர்த்து வைத்திருப்போம். கரண்ட் வந்ததும் அவர் எழுந்து போய்விடுவார். நான் பாதியில் நிறுத்திய பேச்சையெல்லாம் சேர்த்தால் இந்த அறை கொள்ளாது.

தறியை வாடகைக்கு விட்டு அவர் படுக்கையில் விழுந்தபின், கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் மகள் சுமதி ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்து போட்டாள். "யம்மா, அப்பாவுக்குப் பொழுது போவும், வாசிச்சுக் காட்டு" என்றாள். நூறு வருடத்துக்கு முந்திய கதை. யாரும் ஏறாத ஓர் இமயமலைச் சிகரத்துக்கு வெள்ளைக்காரர்கள் ஏறுகிறார்கள். மேலே காற்று பற்றாது. முதுகில் காற்றுக் குப்பி சுமந்து போகிறார்கள், கூட ஒரு டாக்டரும் போகிறான். அவர்களில் கேப்டன் ஒருவன் கூடாரத்துக்குள்ளே செத்துக் கிடக்கிறான். குப்பியில் காற்று இருக்கிறது, யாரோ திருகி மூடியிருக்கிறார்கள். யார் என்பதுதான் கதை.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கடைப் பலகையையும் சினிமா நோட்டீசையும் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள். ஆனால் நன்றாக வாசிப்பேன். பனிக்காற்று வருகிற இடத்தில் காற்றாகவே ஊதுவேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார்.

"ஒரு சோலியும் இல்லாமயா மேல ஏறுதானுவ? இவனுவகிட்ட நாலு தறியக் குடுத்திருக்கணும்ட்டி. மலையாவது மண்ணாவது."

"செத்த பேசாம கேளுங்க."

"கேக்கேன், கேக்கேன். எனக்கு அந்த டாக்டர் மேலதான் சந்தேகம். மொகரையே சரியில்ல."

"மொகரைய நீங்க எங்கன பாத்திய?"

"நீ வாசிக்க லெச்சணத்துலயே தெரியுதுல்லா."

இப்படியே தினமும். மிஷினும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். நான் வாசிப்பேன், அவர் விட்டத்தைப் பார்ப்பார், விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. மிஷின் நின்றது. மூலையில் நின்ற சிலிண்டரைத் திறக்க ஸ்பேனர் உடனே அகப்படவில்லை. தேடி எடுத்து வருவதற்குள் அவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். மூச்சு வாங்கியது, ஆனால் தட்டுகிற விரல் நின்றிருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயத்தில் ஏதோ உளறினேன், புத்தகத்தில் விட்ட இடத்தைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா வாசிக்கேட்டி. இன்னும் வாசி" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அந்தப் புத்தகத்திலேயே இதைப் பற்றி இருந்தது தாயி. உயரத்தில் காற்றுக் குறைந்தால் முரட்டு ஆள்கூடக் குழந்தை மாதிரி ஆகிவிடுவானாம். சொன்னதைக் கேட்பானாம். கேட்டால் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பானாம். அதை வாசித்தபின் நான் மிஷினைக் கவனித்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழலுக்குள் ஒரு சின்ன குண்டு மிதக்கும். திருகைச் சற்றுத் திருப்பினால் குண்டு இறங்கும், காற்றும் குறையும். நான் ஒருநாளும் அடிவரைக்கும் இறக்கியதில்லை. வாசிக்கிற நேரத்துக்கு மட்டும், கொஞ்சம். அத்தியாயம் முடிந்ததும் பழையபடி ஏற்றிவிடுவேன். நகம் நீலமாகும், கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டால் வெளியே தெரியாது. பக்கத்து வீட்டு கோகிலா எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி இப்பம்லாம் எம்புட்டு அமைதியா இருக்காவ" என்று அதிசயப்பட்டாள். எங்கள் வீட்டில் அந்த மாதிரி நாட்கள் முன்னே இருந்ததில்லை. அவரும் சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்வேன்.

பிறகு சுமதி வந்தாள். அப்பா தேறவில்லை, நாளுக்கு நாள் மங்குகிறார், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கார் சொல்லிவிட்டாள். "நீ வீட்டப் பாத்துக்கிட்டு இங்கனயே இரும்மா" என்றாள். எனக்கு அங்கே இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை. துணியை மடித்து வைத்தபடியே புத்தகத்தைப் பார்த்தவள், "யப்பா, இன்னுமா இதக் கேக்கிய? நான் ரயில்லயே முடிச்சிட்டேன். டாக்டர்தான் கொன்னது" என்றாள்.

அவள் இருந்ததால் அன்று திருகில் நான் கை வைக்கவில்லை. அவர் தெளிவாக இருந்தார். சிரிப்பு தாங்கவில்லை. இருமி இருமிச் சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னம்லா. முடிவு தெரிஞ்சு போச்சு, பொறவு எதுக்குட்டி தொண்டையக் கிழிக்க? மூடி வையி."

நான் மூடி வைத்தேன். இன்னும் கொஞ்சம் பக்கம்தான் பாக்கி.

சனிக்கிழமை பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்கத் தறி ஓய்ந்து, ஒவ்வொரு வீட்டிலும் பேச்சுக்குரல். சுமதி தன் கையாலேயே சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டிவிட்டு, அப்பாவுக்குப் பயணத்துக்கு நெற்றியில் பூச கோவிலில் புற்றுமண் வாங்கி வரப் போனாள். போகும்போது, "இதத் தொட்டுறாதம்மா" என்றாள்.

அவள் வந்தபோது சிலிண்டர் மூடியிருந்தது, உள்ளே காற்று நிறைய இருப்பதாக அதன் முள் காட்டியது என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான். நான்தான் மூடினேன். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கோபப்பட்டார். பிறகு அந்த மலையேறினவர்கள் மாதிரி அவருக்கும் மேலே போகப் போக அந்த நிதானம் வந்தது. டாக்டர் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிற இடம் வந்தபோது, அவர் கையைத் தூக்கி இரண்டு விரலை வெட்டிக் காட்டினார். இழை அறுந்துவிட்டது, நிறுத்து. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடமாக அந்தச் சைகைக்கு எழுந்து ஓடியவள் நான்.

பக்கத்தைத் திருப்பினேன்.

அந்த டாக்டர் சொன்ன காரணம் எனக்கு ஒப்பவில்லை தாயி. அவனுக்குப் பொறாமை, கேப்டனுக்குப் பெயர் வந்துவிடும் என்று மூடினான். அவன் கொலைகாரன்தான், தூக்கில் போட்டது சரி. எனக்கு யார் மேலும் பொறாமையோ கோபமோ இல்லை. முடிவு தெரிந்த கதையை ஒரு மனுஷன் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டார். வாசித்து முடித்தபோதும் கண்ணை என் வாயிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவு கவனம். அதனால் புத்தகத்தின் கடைசியில் அந்த மலையைப் பற்றி எழுதியிருந்த குறிப்பையும் வாசித்துக் காட்டினேன்.

சுமதி கதவைத் திறந்து அலறியபோது எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. இன்னும் அரைப்பக்கம் இருந்தது.

நீ நல்ல பிள்ளை. இவ்வளவு நேரம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. உன் வீடு நிறைந்து இருக்கட்டும் தாயி. உன் புருஷன், பிள்ளைகள் எல்லாரும் தீர்க்காயுசாக இருக்கட்டும். நீ வாயைத் திறந்தால் எழுந்து போகாத ஓர் ஆளாவது அந்த வீட்டில் உனக்கு வாய்க்கட்டும்.