ஒரு பக்க வாடகை

அதத்தேன் சொல்றேன் சார். நீங்க ஒரு பக்கம்தேன் போறீக, ஆனா வண்டி ரெண்டு பக்கமும் போகணும்ல? ஒங்கள திருச்சி ஏர்ப்போர்ட்டுல எறக்கிவிட்டதும் வண்டிய மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு நான் நடந்தா வர முடியும்? உள்ள ஆளு இருக்கா இல்லையான்னு எஞ்சினுக்குத் தெரியுமா, அது பாட்டுக்கு டீசலக் குடிக்கும். அதுக்குத்தேன் ஸ்டாண்டுல போக வர ரெண்டுக்கும் சேத்து வாடகை கேக்குறது. ஒங்கள ஏமாத்துறதுக்கு இல்ல. நீங்க என்னடான்னா அம்புட்டுப் பேரு முன்னாடியும் கொள்ளக்காரப் பயலுகன்னு ஒரு சொல்லு சொல்லிப்புட்டீக.

சரி விடுங்க, நான் மனசுல வைக்கல. வச்சிருந்தா ஏத்தியிருப்பனா? முன்னாடியே நல்லாச் சாஞ்சு ஒக்காருங்க. பின்னாடி சீட்டு இல்ல, நடு சீட்டு, கடேசி சீட்டு எல்லாத்தையும் காலைலதேன் கழட்டிப் போட்டேன். திரும்புறப்ப ஒரு சாமான் ஏத்தணும். ரிட்டர்னுக்கு லோடு இருக்குறதுனாலதேன் ஒங்களுக்கு ஒரு பக்க வாடகை போதும்னேன், இல்லாட்டி எனக்கும் கட்டுபடியாகாது. ஒங்க பொட்டி உருளுதா? உருளட்டும், கதவு பூட்டித்தேன் இருக்கு. அந்தப் புதுக் கயிறு அதுல மாட்டிச் சிக்காகாம இருந்தாச் சரி.

என்ன, சார்னு கூப்பிட வேணாமா? அப்பத் தம்பின்னு கூப்பிடுறேன். எம்பேரு சின்னச்சாமி. செக்கானூரணிக்கு மேக்க ஊரு. இந்த மதுர ஸ்டேஷன் ஸ்டாண்டுக்கு வந்தப்ப தலையில ஒரு முடி நரைக்கல. இப்பப் பாருங்க.

ஒங்க ஊர்ல எப்பிடின்னீக? ஈப்போவுல ஒரு கடையில வண்டிய எடுத்து, நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயி, கோலாலம்பூர்ல அவுக இன்னொரு கடையில சாவியக் குடுத்துட்டுப் போயிரலாமா? வண்டி அங்கனயே கெடக்குமா? வேற ஒருத்தரு வந்து அத வேற ஊருக்கு எடுத்துட்டுப் போவாரா? நல்லாத்தேன் இருக்கு. டிரைவர் சோத்துக்கு எங்க போவான்னு மட்டும் சொல்லலையே நீங்க. சிரிக்காதீக தம்பி. அங்க வண்டிக்கு வீடு வாசல்னு ஒண்ணு இல்ல போல. இங்க இருக்கு. பொழுதடையிறதுக்குள்ள இந்தச் சுமோ வாசல்ல வந்து நிக்கலைன்னா எம்பொண்டாட்டி செல்லத்தாய் சோத்துல கை வைக்க மாட்டா. எங்க போனாலும் வண்டி வீட்டுக்குத் திரும்பித்தேன் ஆகணும். அந்தத் திரும்புற கூலியத்தேன் நாங்க கேக்குறோம். அதுக்கு இம்புட்டுப் பேச்சு.

வெளிநாட்டுல இருந்து வாரவுகள நெறயப் பாத்துட்டேன் தம்பி. கோவப்படாதீக, ஒங்களச் சொல்லல. சரி, ஒங்களையும் சேத்துத்தேன் சொல்றேன். போன சீசனுக்கு அமெரிக்காவுல இருந்து ஒருத்தரு வந்தாரு, சந்தானம்னு பேரு. தெக்குவாசல்ல பொறந்தவராம். வார்த்தைக்கு வார்த்தை அண்ணே அண்ணேன்னாரு. கொடைக்கானலுக்கு ஒரு பக்கம் மட்டும் குடுப்பாராம், வரப்ப எனக்கு அங்கேருந்து ஆளு கெடைக்குமாம். அவரு எனக்கு வரவு சொல்லிக் குடுக்குறாரு. நானும் அந்த அண்ணேல மயங்கிப் போனேன்.

மேல கொண்டுபோயி எறக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நின்னு மதுர மதுரன்னு கத்துனேன். ஒரு கெழவனும் கெழவியும் ஏறக்கூட வந்துட்டாக. அதுக்குள்ள அந்த ஊரு டிரைவருக வந்து சூழ்ந்துக்கிட்டானுக. வெளியூர் வண்டி எங்க ஸ்டாண்டுல எப்பிடிய்யா ஆள் ஏத்தலாம்னு, ஒரு டயர்ல காத்தப் பிடுங்கி விட்டுட்டானுக. அவனுகளயும் குத்தம் சொல்ல முடியாது. எங்க ஸ்டாண்டுல வந்து எவனாவது ஏத்துனா நாங்களும் அதத்தேன் செய்வோம். சாரல்ல நனைஞ்சுக்கிட்டு டயர மாத்தி, காலி வண்டியோட எறங்குனேன். அடுத்த வாரம் அதே சந்தானம் பாத்திரக் கடையில இருந்து ஆளு ஒசரத்துக்கு ஒரு குத்துவெளக்க வாங்கிட்டு வாராரு. பேரம் பேசவே இல்லன்னு கடைக்காரப் பய வாயெல்லாம் பல்லா சொல்றான். வெளக்குக்கு இருக்குற மருவாதி எங்களுக்கு இல்ல.

என்ன, மெதுவாப் போகவா? மெதுவாத்தேன் போறேன் தம்பி. மேலூர் தாண்டுற வரைக்கும் கல்லு லாரிக இப்பிடித்தேன் மூஞ்சிக்கு நேரா வரும். என்னைக்கும் இல்லாத மெதுவு இன்னைக்கு. எனக்கு ஒண்ணும் வேகமாப் போயிச் சேரணும்னு இல்ல. சாயந்தரம் ஆபீசு பூட்டுறதுக்குள்ள போயி அந்தச் சாமான எடுக்கணும், அம்புட்டுத்தேன். அத விட்டா ரெண்டு நாளு லீவு, அதுனால போயித்தேன் ஆகணும். ஒங்க பிளைட்டும் போயிராது, பயப்படாதீக.

என்ன சாமானா? பொட்டி தம்பி. வெளிநாட்டுல இருந்து வார பொட்டி. கொஞ்சம் பெருசு.

ஒங்க பொட்டியத் தூக்கி வச்சானே மொட்டத்தலை, அவன் பேரு வெள்ளைத்துரை. அவன் எவனுக்கும் பொட்டி தூக்க மாட்டான், ராசாவே வந்தாலும் நீயே வச்சுக்கய்யான்னுருவான். மத்த நாளா இருந்தா, நான் ஒரு பக்க வாடகைக்கு ஒத்துக்கிட்டதுக்கு எஞ்சட்டையப் பிடிச்சிருப்பான், ஸ்டாண்டு ரேட்டக் கெடுக்குறியாடான்னு. இன்னைக்கு ஒருத்தன் வாயத் தொறக்கல, பாத்தீகல்ல? ஏனாம்? நல்ல பயலுக தம்பி. வாய்தேன் கெட்டது.

ஏர்ப்போர்ட்டு சவாரில ரெண்டு தினுசு இருக்கு. ஆள ஏத்திவிடப் போறது ஒண்ணு, கூட்டியாரப் போறது ஒண்ணு. ஏத்திவிடப் போறப்ப ஒருத்தனும் பேரம் பேச மாட்டான். போறவன் ஒருத்தனா இருப்பான், வண்டிக்குள்ள பதினாலு பேரு இருப்பாக. மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் ஏறிக்கிருவாக. திரும்புறப்ப விராலிமலை வரைக்கும் ஒப்பாரியா இருக்கும். அப்பறம் எவளாவது ஒருத்தி மூக்கச் சிந்திட்டு, துவரங்குறிச்சில புரோட்டா நல்லாருக்கும்னு சொன்னாகளேம்பா. அம்புட்டுத்தேன், அழுகை நின்னுரும்.

கூட்டியாரப் போறது வேற மாதிரி. கம்பித் தடுப்புக்குப் பின்னால நின்னு எட்டி எட்டிப் பாப்பாக. அவன் வருவான், போனப்ப இருந்ததுல பாதி ஆளா, கறுத்துப்போயி. தள்ளுவண்டில மட்டும் அவன் ஒசரத்துக்குப் பொட்டி இருக்கும். பேரு, ஊரு, ஜில்லா எல்லாம் கொட்ட எழுத்துல எழுதியிருக்கும். உள்ள புலி படம் போட்ட போர்வையும் கோடாலித் தைலமும். டிரைவருக்கும் ஒரு சென்ட்டுப் பாட்டில் குடுப்பான். எங்கிட்ட வீட்டுல அஞ்சாறு இருக்கு. எவன் வேர்வைக்கு அடிக்கிறது, சும்மா வச்சிருக்கேன்.

எம்பயலும் வெளிநாடுதேன் தம்பி. ஒரே பய, அழகுபாண்டி. ஒங்க வயசுதேன் இருக்கும். சவுதில தண்ணி லாரி ஓட்டுறான். ஓட்டுனான். டிரைவர் மகன் வேற என்ன, கலெக்டராவா ஆவான்? நானே தொழிலு பழக்குனேன். என்னைய விட நல்லா ஓட்டுவான். பிரேக்க மிதிக்கிறதே தெரியாது.

கோட்டாம்பட்டி வந்துருச்சு, ஒரு டீக் குடிப்பமா? இந்தக் கடைல வடை நல்லாருக்கும், சூடா இருக்கு, எடுத்துக்கங்க. எனக்கு வேணாம். காலைல இருந்து எதுவும் எறங்கல. இல்லல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அவன ஏத்திவிடப் போனப்பவும் இங்கதேன் நிப்பாட்டுனோம். இதே வண்டிதேன். போறப்ப அவந்தேன் ஓட்டுனான், திரும்புறப்ப நான் ஓட்டியாந்தேன். அவுக ஆத்தாதேன் சீட்டக் கூட நகட்டாதீக, அவன் ஒக்காந்த மாதிரியே இருக்கட்டும்னா. அவன் காலு நீளம். எனக்கு கிளச்சு எட்டல, நுனிக்கு வந்து ஒக்காந்து ஓட்டினேன். கிறுக்குச் சிறுக்கி.

வாங்க, கெளம்புவோம்.

எப்பிடிப் போனான்னா கேக்குறீக? திருமங்கலத்துல ஒரு ஏஜெண்டு இருந்தான், மாடில ஆபீசு, சொவரெல்லாம் பிளைட்டு படம். விசாங்குறான், சம்பளம்ங்குறான், தங்க எடம்ங்குறான், அடுக்கிக்கிட்டே போறான். எம்பய வாயப் பொளந்து கேட்டுக்கிட்டிருக்கான். நான் எல்லாத்தையும் கேட்டு முடிச்சு, போறதுக்கு டிக்கெட்டு சரிப்பா, ரிட்டர்ன் யாரு பொறுப்புன்னு கேட்டேன். டிரைவர் புத்தி எங்க போகும்? அவன் சிரிச்சுட்டான். எத்தனையோ பேரு வந்தாக பெரியவரே, ஒருத்தரும் இதக் கேக்கலைன்னான். ரிட்டர்ன் கம்பெனி பொறுப்பு, ஆளத் திருப்பிக் கொண்டாந்து சேக்குறது அவுக கடமைன்னான். எனக்குன்னா பெருமை பிடிபடல. ஸ்டாண்டுல வந்து பீத்திக்கிட்டேன், பாருங்கடா, சவுதிக்காரன்கிட்டயே ரிட்டர்ன் பேசி வாங்கிட்டேன்னு. வெள்ளைத்துரை எல்லாத்துக்கும் டீ வாங்கிக் குடுத்தான் அன்னைக்கு.

ரெண்டு வருசத்துல லீவுன்னாக. மொதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி அவன் பொட்டில வச்சுக்கிட்டான். மாத்து ஆளு வரட்டும்னான், பெருநாள் முடியட்டும்னான், அடுத்த பெருநாளும் முடியட்டும்னான், இப்பிடியே வருசக் கணக்கா இழுத்துட்டான். இவ இங்க, மகன் வந்தா வெட்டணும்னு ஒரு கிடா வளத்தா. குட்டியா வாங்குனது. அது கெழடு தட்டி, பல்லு விழுந்து, இப்ப வெட்டினாலும் எவனும் மெல்ல முடியாது. இன்னும் அதுக்கு அகத்திக்கீரை ஒடிச்சுப் போட்டுக்கிட்டிருக்கா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். கிடா மேலயா, அந்த மொதலாளி மேலயா, யாரு மேலன்னு எனக்கே தெரியல.

எப்ப வாரானா? வருவான் தம்பி. மொதல்ல ரோட்டப் பாப்போம், இந்தப் பஸ்ஸுக்காரன் வேற ஏறிக்கிட்டே வாரான்.

கடேசியா போன்ல, அடுத்த மாசம் வந்துருவேன்பா, சீட்டுக்கெல்லாம் புது உறை வாங்கியாரேன், வண்டிய நாம பெயிண்டு அடிச்சுருவோம்னான். சரிடான்னேன். எனக்குப் போன்ல ரொம்பப் பேச வராது. அவுக ஆத்தாட்டக் குடுத்துருவேன். நேர்ல ஆளு கெடைச்சாத்தேன் எனக்கு வாயி, பாத்தீகல்ல.

இந்தா வந்துருச்சு. அந்தா கூட்டம் நிக்குதுல, அதேன் ஒங்க வாசல். எறங்குங்க, பொட்டிய நான் எடுத்துத் தாரேன். அட வேணாம் தம்பி, பேசுன வாடகை பேசுனதுதேன், மேல எதுக்கு? எடுத்து உள்ள வைங்க.

நானா? இல்ல, எனக்கு இந்த வாசல் இல்ல. ஆளுக வெளிய வார பக்கமும் இல்ல. பின்னால சுத்திப் போகணும், கார்கோ கேட்டுக்கு. அழகுபாண்டி வாரான்.

ஆமா. பொட்டிலதேன். ரெண்டு மாசமாச்சு தம்பி. லாரி கவுந்துருச்சுன்னான் ஒருத்தன், தூக்கத்துல நெஞ்சடச்சுப் போச்சுன்னான் ஒருத்தன். எது நெசம்னு கேக்க எனக்கு அந்த ஊரு பாஷ தெரியாது. ஆனா கம்பெனிய ஒரு கொறை சொல்ல முடியாது பாருங்க. ரிட்டர்ன் எங்க பொறுப்புன்னாக. எங்கிட்ட ஒத்தப் பைசா வாங்காம அனுப்பி வச்சுட்டாக. கொண்டாந்து சேக்குறதுன்னா ஏர்ப்போர்ட்டு வரைக்குந்தேனாம். இங்கேருந்து வீட்டு வாசலுக்கு நான் பாத்துக்கிறணும்.

ஸ்டாண்டுல எல்லாப் பயலும் கூட வாரேன்னானுக. வெள்ளைத்துரை சாவியவே பிடுங்கிட்டான், நீ ஓட்டாதண்ணே, நான் ஓட்டுறேன்னு. நாந்தேன் விடல. அவனுக வந்தா மதுரைலேருந்தே அழுதுக்கிட்டு வருவானுக. காலி வண்டியத் தனியா ஓட்டியாரவும் எனக்குத் துணிவில்ல. அப்பத்தேன் நீங்க நின்னு சண்ட போட்டுக்கிட்டிருந்தீக, திரும்பி வராதவன் எதுக்குத் திரும்புற வாடகை குடுக்கணும்னு. எனக்கு நீங்க வேண்டியிருந்துச்சு தம்பி. ஒண்ணும் தெரியாத ஆளு ஒருத்தரு பக்கத்துல இருந்தா, டீசலு, பேரம், கொடைக்கானலுன்னு வஞ்சுக்கிட்டே வந்துரலாம்னு தோணுச்சு. வந்துட்டேன். வாரப்பத்தேன் ஆளு வேணும். திரும்புறப்ப பய கூட இருப்பான்.

நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கிறீக? பொட்டியப் பிடிங்க, நேரமாச்சு, உள்ள வேற வரிசையா நிக்கிறாக. இந்தா, போயிட்டு வாரேன்னு வாயெடுக்காதீக. இன்னைக்கு எங்கிட்ட அதச் சொல்லக் கூடாது. சும்மா அப்பிடியே போங்க.