என் பக்கத்து வேர்கள்

உங்கள் நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினால் நின்றுவிடும். நான் செய்து தரட்டுமா? வேண்டாமென்றால் சரி. ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. முப்பத்தைந்து வருடம் பல் டாக்டராக இருந்தவனுக்கு வருகிற கோளாறு அது.

மரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பாதாம் மரம். பக்கத்து வீட்டுத் தையலம்மாவின் தோட்டத்தில், எங்கள் இருவருக்கும் பொதுவான சுவரிலிருந்து ஓர் எட்டு தள்ளி நின்றது. கிளைகளில் பாதி என் முற்றத்துக்கு மேலே. பாதாம் இலை எவ்வளவு பெரியது என்று பார்த்திருப்பீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொட்டும், மற்ற நாட்களில் சில்லறையாகக் கொட்டும். பெருக்கி முடித்து நிமிர்ந்தால் காலடியில் ஒன்று வந்து விழும்.

முறையாகத்தான் ஆரம்பித்தேன். சுவரருகே போய், கிளைகளைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். தையலம்மா கெட்டவர் அல்ல. கணவர் போன பிறகு தையல் மெஷினை வைத்தே மகளைப் படிக்கவைத்து வெளியூர் வேலைக்கு அனுப்பியவர். கலகலப்பான வாய். அன்று அந்த வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சொன்னார்.

"மரம் என்ன உங்க பேஷண்டா டாக்டர்? நீங்க சொன்னதும் வாயத் தொறந்துட்டு அசையாம உக்காந்திருக்க?"

எனக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நகராட்சிக்கு மனு கொடுத்தேன். எல்லைக்கு இந்தப் பக்கம் வரும் கிளைகளையும் வேர்களையும் நான் வெட்டிக்கொள்ளலாம், எல்லை தாண்டிக் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. தெளிவான கடிதம். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன், உங்கள் ஆட்கள் எடுத்துப் போயிருப்பார்கள். அந்தக் கடிதத்தை மீறி ஒரு துரும்பைக்கூட நான் தொடவில்லை.

முதலில் கிளைகள். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு ஒன்று வாங்கி, சுவரின் நடுக்கோட்டுக்கு நேராக நூலைத் தொங்கவிட்டு, அதுவரை வெட்டினேன். அந்தப் பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை. இரண்டே மாதத்தில் என் முற்றத்தில் வெயில் வந்தது. அந்தப் பக்கம் கிளைகள் அப்படியே இருந்தன. மரத்தைப் பார்த்தால் பாதித் தலைக்கு மட்டும் முடி வெட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்த ஆள் மாதிரி இருந்தது. தையலம்மா அதற்கும் ஏதோ சொல்ல, என் மனைவி அதற்கும் சிரித்தாள்.

அதன் பிறகுதான் வேர்கள்.

சுவரை ஒட்டி என் பக்கத்தில் பள்ளம் எடுத்தேன். முழங்கை அகலம், இடுப்பளவு ஆழம். மனைவி கடைக்குப் போகும் நேரங்களில் தோண்டுவேன், மேலே பலகை போட்டு ரோஜாத் தொட்டிகளை வரிசையாக வைத்துவிடுவேன். தடித்த வேர்கள் ஐந்து. ஒவ்வொன்றையும் சுற்றி மண்ணை நீக்கி, சின்ன ரம்பத்தால் அறுத்து, வெட்டிய முனையைச் சீவி விட்டேன். அவசரப்படவில்லை. மொத்தம் பதினோரு மாதம். ஓய்வு பெற்ற பிறகு நான் அவ்வளவு நிம்மதியாக இருந்தது அந்தப் பதினோரு மாதம்தான்.

மூன்று வேர் உள்ள கடைவாய்ப் பல்லில் இரண்டு போனாலும் பல் உடனே விழாது. ஈறு பிடித்துக்கொண்டிருக்கும். நோயாளி அதில்தான் மென்றுகொண்டிருப்பார். ஆனால் ஒருநாள் சாயும், எந்தப் பக்கம் என்பது பார்த்தாலே தெரியும். இந்த மரத்துக்கு என் பக்கம் வேரும் இல்லை, கிளையும் இல்லை. பாரமெல்லாம் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஆறு தப்படியில் தையலம்மாவின் ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே மெஷின். நல்ல வெளிச்சம் வரும் இடம் என்று அங்கேதான் போட்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி டீ போட்டாள்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க டாக்டர். மகளும் ஃபோன் போட்டாத் திட்டுறா. திங்கக்கிழமை ஆளுங்க வர்றாங்க, மரத்த அடியோட எடுத்துடறேன். ஒரு மரத்துக்காக நாம எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு இருக்கணும்?"

நான் சரி என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றும் கேட்டார்.

"காத்தடிச்சா அடியில என்னமோ முறுக்குற மாதிரி சத்தம் வருது. மெஷின அதுவரைக்கும் முன் ரூமுக்கு மாத்திடவா? அங்க இருட்டு. ஸ்கூல் யூனிஃபார்ம் அம்பது உருப்படி சனிக்கிழமைக்குள்ள குடுக்கணும். நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

போய்ப் பார்த்தேன். அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தேன். லேசான காற்றுக்கே உள்ளே அசைவு தெரிந்தது. அன்று காலை வானொலியில் மறுநாள் பலத்த காற்று என்று சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது.

"கல்லு மாதிரி நிக்குதும்மா," என்றேன். "நாலு நாள்ல என்ன ஆகிடப்போகுது. வெளிச்சத்துல உக்காந்து தைங்க."

அவர் கும்பிட்டார். திரும்பி வந்ததும், ரொம்ப நாளைக்கப்புறம் மனுஷனாட்டம் நடந்துகிட்டீங்க என்று மனைவி பாராட்டினாள்.

வெள்ளிக்கிழமை பகல் மூன்று மணி. நான் முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். காற்று பிடித்தபோதும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு மரம் விழுந்தது. பிறகு மெஷின் சத்தம் இல்லை. என் பக்கம் ஓர் இலைகூட விழவில்லை. ஆம்புலன்ஸுக்கு முதலில் ஃபோன் செய்தது நான்தான், அது பதிவாகியிருக்கும். பலத்த காற்றில் மரம் சாய்ந்தது என்று எழுதினார்கள். மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

மனைவிதான் ரோஜாத் தொட்டிகளை நகர்த்தினாள். ஒன்றைத் தையலம்மாவின் வாசலில் வைக்க வேண்டுமாம். பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். என் கிளினிக்கில் முப்பது வருடம் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்தவள் அவள். சீவிவிட்ட முனைகளைப் பார்த்ததும் யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். மரம் விழும் என்று தெரியும், எங்கே விழும் என்று தெரியும், அங்கே அவர் உட்கார்ந்திருப்பார் என்றும் தெரியும். மெஷினை மாற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார்.

திங்கட்கிழமை மரம் தானாகப் போயிருக்குமே, பிறகும் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. யோசித்துப் பாருங்கள். அவர் மரத்தை எடுத்திருந்தால் அது அவருடைய பெருந்தன்மை ஆகியிருக்கும். என் மனைவி ஆயுசுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். வெயில் விழும் என் முற்றத்தில் நின்றுகொண்டு, தினமும் காலையில் நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்திருக்கும். அடுத்தவர் தயவில் வாழ்ந்து எனக்குப் பழக்கமில்லை.