இரண்டு ராணிகளும் ஒரு சாபமும்

அவைக்குத் தலைமை ஏற்று அழகு செய்யும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டோ அணைக்க மறந்தோ ஓடி வந்திருக்கும் அன்னையர்களே, லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழர்களே, நம் மொழி பாதி புரிந்தாலும் நட்பு முழுதாய்ப் புரிந்து வந்திருக்கும் வங்க நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நடிகைகளின் சண்டையை நான் சுவையாகச் சொல்வேன் என்று தலைவர் அறிவித்தார். சுவையாகச் சொல்வேன். ஆனால் சண்டையோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். ஐந்தாம் வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் முடித்துவிட்டால் தொடங்குகிறேன். நன்றி.

வட கல்கத்தாவின் ஹாதிபாகானில் அன்று தெருவெல்லாம் நாடகம், சரியாய்ச் சொன்னால் தெருவே நாடகம். கமலாலயக் கொட்டகையில் ஆபாராணி, எதிர்ச்சாரியில் சாரதா அரங்கத்தில் தருபாலா. ஆபா குரலால் ஆண்டார். தரு கண்ணால் ஆண்டார். இருவருக்கும் ஒரே ஒரு வழக்கு: யார் யாரைத் தீதி, அதாவது அக்கா, என்று அழைப்பது? வயதில் ஆபாவே அக்காள். ஆனால் தரு பால் பல் விழும் முன்பே குழந்தைக் கண்ணனாக வேடம் கட்டியவர். நாடகக்காரர்களுக்கோ, முதலில் மேடைப் பலகையை மிதித்தவர்தான் மூத்தவர்.

"நான் கிருஷ்ணனா வெண்ணெய் திருடினப்போ அவ ஊர்ல நிஜமாவே மாடு மேய்ச்சிட்டிருந்தா. அவ எனக்குத் தீதியா?" என்பார் தரு.

"அவ கிருஷ்ணனா ஆடினது எனக்கும் தெரியும். அதுக்கப்புறம் வளரவே இல்ல, பாவம்" என்பார் ஆபா.

சிரிக்கிறீர்கள். அன்று கல்கத்தாவே சிரித்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஆபா கட்சி, தம்பி தரு கட்சி. வாதம் முடிவதற்குள் மீன் குழம்பு ஆறிவிடும்.

அந்தக் காலத்தில் கூட்டு நாடகம் என்று ஒன்று உண்டு. எதிரெதிர்க் கொட்டகைகளின் நட்சத்திரங்கள் ஒரு மாலைக்கு மட்டும் ஒரே மேடையில் நடிப்பார்கள். ஒத்திகை கிடையாது. ஒவ்வொருவருக்கும் தம் வசனமும், அடுத்தவர் முடிக்கும் கடைசிச் சொல்லும் மட்டுமே எழுதித் தரப்படும். அடுத்தவர் வசனத்தைப் படிப்பது கௌரவக் குறைவு.

மழைக்காலத்தில் அப்படி ஒரு மாலை. ஆபா மூத்த ராணி, தரு இளைய ராணி. முன்வரிசையில் ஹரிசாதன் பாபு. அவர் புதிதாகக் கட்டிய அரங்கின் முதல் நாடகத்துக்கு நாயகி யார் என்பதை அந்த மாலையே முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். கமலாலயமோ மூடப்படும் நிலை. ஆபாவோ நாற்பதைக் கடந்தவர். இந்த வேடம் கைநழுவினால் அவருக்கு வேறு மேடை ஏது? வேறு வாழ்வு ஏது?

ஆபாவின் தொண்டைக்கு மருத்துவம் பார்த்தவர் என் கணவர். அன்று பகலில் அவர் சொன்னார்: "குரல்வளை வீங்கியிருக்கு. வாயே திறக்கக் கூடாது."

"டாக்டர் பாபு, இன்னைக்கு நான் வாயைத் திறக்கலைன்னா, அப்புறம் திறக்கச் சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க."

அன்று மாலை என் கணவரும் கொட்டகைக்கு வந்தார். என் கையில் வெந்நீர்க் குடுவையைக் கொடுத்துப் பக்கத் திரையருகே நிறுத்தினார். ஆகவே நான் கேட்டதைச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறேன்.

மூன்றாம் அங்கம். அரசனைப் பறித்த இளையவளை மூத்த ராணி சபிக்கும் காட்சி. ஊரே அதற்காகத்தான் வந்திருந்தது. ஆபா கையை உயர்த்தினார். முதல் வரி முழங்கியது. இரண்டாம் வரி தழுதழுத்தது. மூன்றாம் வரியில் குரல் அறுந்தது. உதடு அசைகிறது, ஒலி இல்லை. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து, ஒளிந்திருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர் அந்த வரியைக் கத்தினார். அவர் குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

மாடியிலிருந்து தரு கட்சிக்காரன் ஒருவன், "என்னம்மா, கிராமபோனுக்குச் சாவி தீந்துபோச்சா?" என்றான். கொட்டகை சிரிப்பில் குலுங்கியது. ஹரிசாதன் பாபு கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தார்.

அன்பர்களே, தரு என்ன செய்திருக்கலாம்? சும்மா நின்றிருக்கலாம். நின்றாலே வெற்றி. சிரித்திருந்தால் அதனினும் வெற்றி. அவர் நடந்து சென்றார்; ஆபாவின் காலடியில் விழுந்தார்.

"தீதி, நீங்க சொல்ல வேண்டாம். என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கு நானே சொல்லிக்கிறேன்."

சொன்னார். தன்மேல் விழ வேண்டிய சாபத்தைத் தானே தன்மேல் பொழிந்தார். "என் நெத்திச் சிந்தூரம் அழியட்டும். நான் பிடுங்கின அரண்மனைல எனக்கே வாசல் இல்லாம போகட்டும். நான் தாகத்துல கேட்டா ஆறு கூட விலகிப் போகட்டும்." ஆபா சிலையாய் நின்றாரா? இல்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர் கை உயர்ந்தது, கண் எரிந்தது. சொல் ஒருவருடையது, சினம் ஒருவருடையது. சேர்ந்து எழுந்ததோ ஒரே தீ. நாடகப்படி மூத்த ராணி முகம் திருப்பிப் போக வேண்டும். ஆபா போகவில்லை. குனிந்து, இளையவள் தலைமேல் கையை வைத்தார்.

கிளம்பவிருந்த ஹரிசாதன் பாபு திரும்ப உட்கார்ந்தார். பிறகு எழுந்த கரவொலியில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

என் பக்கத்தில் நின்ற மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "சாபத்தை ஆசீர்வாதமா மாத்திட்டாங்களே. அஞ்சாம் அங்கத்துல இளையவ எதுக்காகச் சாகணும்?"

"காலரான்னு வெச்சுக்குங்க. சர்டிபிகேட் நான் தர்றேன்" என்றார் என் கணவர்.

நாடகம் முடிந்ததும் ஹரிசாதன் பாபு ஒப்பனை அறைக்கு வந்தார். ஆபாவைப் பாராமல் தருவிடம் பேசினார். "ரெண்டு ராணியையும் நீயே தாங்கிட்டே, மா. புது நாடகம் உனக்குத்தான்."

தரு என் கணவரிடம் திரும்பினார். "அவங்களுக்குக் குரல் எப்ப வரும்?"

"பேசாம இருந்தா, துர்கா பூஜைக்குள்ள."

"அப்ப பூஜை முடிஞ்சதும் எங்க ரெண்டு பேரையும் ஆடவிட்டுப் பாருங்க, ஹரிசாதன் மொஷாய். வாயில்லாதவளை ஜெயிச்சான்னு ஊர் என்னைச் சொல்றதா? குரலோட வரட்டும், தோக்கடிக்கிறேன்."

ஆபா என் முந்தானையை இழுத்தார். தருவைக் காட்டிச் சைகையால் கேட்டார். எனக்கும் அதே ஐயம்தான். "அவங்க வசனம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

தரு முகச்சாயத்தைத் துடைத்தபடி சொன்னார்: "எனக்கு நாடகம் இல்லாத நாளெல்லாம் முக்காடு போட்டுக்கிட்டு கமலாலயத்துலதான் உக்காந்து இவங்க நாடகத்தைப் பாப்பேன். வேற யார்கிட்ட நான் கத்துக்கிறது?"

பூஜை கழிந்தது, குரல் திரும்பியது. ஹரிசாதன் பாபு முன்னால் இருவரும் ஒரே காட்சியை ஆடினார்கள். வென்றவர் ஆபா. "இப்பத்தான் ஒழுங்கா தோத்தேன்" என்றார் தரு. மாலை போட்டு வாழ்த்தினார் என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். தேநீரைக் குடித்தார், முறைத்தார், அவ்வளவே.

அப்போது ஆபா சொன்னார்: "அன்னைக்குச் சாபத்துல ஒரு வரியை முழுங்கிட்டே. 'என் பிள்ளை என் கண் முன்னாடி செத்துப்போகட்டும்'னு வரணும்."

"தெரியும், தீதி. எனக்கு வீட்ல பிள்ளை இருக்கு. நாக்கு வரல."

ஆபா தம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "நானும் இனி அதைச் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த ராணி வேடத்தை அவர் பின்னர் எத்தனையோ முறை கட்டினார். நானும் எத்தனையோ முறை பார்த்தேன். அந்த வரியை அவர் வாயிலிருந்து எவரும் கேட்டதில்லை.

அன்னையரே, மகளிரே, இதையா பகை என்பது? போட்டியிடுங்கள். தயங்காமல், தளராமல், தலை நிமிர்ந்து போட்டியிடுங்கள். ஆனால் எதிரே நிற்பவளின் உழைப்பை வரிவரியாய் அறிந்து போட்டியிடுங்கள். அவள் குரல் முழங்கும்போது அவளை வெல்லுங்கள். அவள் குரல் அறுந்துவிட்டால், அவள் வரியை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். எந்த வரியை விட வேண்டும் என்பதை உங்கள் நெஞ்சு சொல்லும்.

பொறுமையோடு செவி கொடுத்த உங்களுக்கும், என்னை அழைத்த மன்றத்தாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நலமுடன் வீடு சேருங்கள். வணக்கம், நமஸ்கார்.